முகங்கள் இருக்கும் ஊர்

ஏழு மாதமாக வாயே திறக்காத என் வீட்டுக்காரர், சுற்றுலாவின் முதல் நாள், பழைய பஞ்சாலையை அருங்காட்சியகமாக மாற்றியிருந்த ஒரு கட்டடத்தில், பதினான்கு பேர் நடுவில் நின்றுகொண்டு, "கிருதா ஒரு பக்கம் ஏறியிருக்கு. எவன் வெட்டினான் இதை?" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே சுவர் முழுக்க ஒரு கப்பல் தளபதியின் படம். கன்னங்கரேலென்ற பின்னணி, படத்தை மூடி ஒரு பெரிய கண்ணாடி. எங்கள் குழுவில் இருந்த தபால்காரர் அதன் முன்னால் நின்று விவரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆனாலும் எழுத்து எங்கே இருந்தாலும் விடமாட்டார் அந்த மனுஷர். குரல் கேட்டதும் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒதுங்கிப் போனார். வழிகாட்டிப் பெண் கையைத் தட்டினாள்.

"ஐயா எவ்வளவு நுணுக்கமா பாக்குறாங்க! படத்தோட கிருதாவையே கண்டுபிடிச்சிட்டாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏங்க, என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க. ஏங்க!" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடியும் அதே பார்வை, பூட்டிய கடை மாதிரி. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாவது மானமாவது.

அழுததற்குக் காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை இவரை மறதி நோய்க்காரர்களுக்கான காப்பகத்தில் சேர்க்கப்போகிறோம். சுற்றுலா ஐந்து நாள், புதன் முதல் ஞாயிறு வரை. ஞாயிறு வீட்டுக்கு வருவோம், திங்கள் காலை பத்து மணிக்கு என் மகன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான். அறை கூடப் பார்த்தாகிவிட்டது. வாசலிலிருந்து மூன்றாவது. சன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்க் குழாய்.

மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்பனைக் குளிப்பாட்டியிருக்கிறான், துணி மாற்றியிருக்கிறான், தெருவில் காணாமல் போனபோது வேலையை விட்டுவிட்டுச் சந்து சந்தாகத் தேடியிருக்கிறான். ஆனால் அன்று அவன் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. "அம்மா, நீ யாருன்னே அவருக்குத் தெரியல. தெரியாதவருக்கு யார் சாப்பாடு ஊட்டினா என்ன? உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"தெரிஞ்சா?" என்று கேட்டேன்.

"என்ன தெரிஞ்சா?"

"நான் யாருன்னு தெரிஞ்சா அனுப்ப மாட்டேல்ல?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உன்னைப் பாத்து இவ என் பொண்டாட்டின்னு அவர் சொல்லட்டும்மா. நான் இந்தப் பேச்சையே எடுக்கல."

காப்பகத்துக்கு அனுப்பும் முன்னால் நாங்கள் இருவரும் எங்காவது போய்வரட்டும் என்று அவனே இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். கடலோரச் சுற்றுலாவெல்லாம் நிரம்பிவிட்டதாம். கலைச் சுற்றுலாவில்தான் இரண்டு இடம் மிச்சம் இருந்ததாம். கலைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள். அவர் முப்பத்தொன்பது வருடம் சலூன் வைத்திருந்தவர். நான் இருபத்தாறு வருடம் பள்ளிச் சீருடை தைக்கும் ஆலையில் காலர் தைத்தவள். நாங்கள் பார்த்த படமெல்லாம் காலண்டரோடு சரி.

அந்தக் கிருதாப் பேச்சுக்குப் பிறகு என் மண்டையில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. முகப்படம். முகத்தைப் பார்த்தால் இந்த மனுஷனுக்குத் தொழில் புத்தி முழித்துக்கொள்கிறது. முடி, மீசை, கிருதா என்று வாயைத் திறக்கிறார். இன்னும் நாலு முகத்தைக் காட்டினால், ஐந்தாவது என் முகமாக இருக்கட்டும்.

மதியம் மகனுக்குப் போன் போட்டேன். "டேய், அப்பா பேசிட்டார்டா!"

"என்னம்மா சொன்னார்? உன்கிட்டயா?"

"கிருதா ஒரு பக்கம் ஏறியிருக்குன்னு சொன்னார். ஒரு படத்தப் பாத்து."

"உன்கிட்ட என்ன சொன்னார்?"

"மதியம் நல்லா சாப்பிட்டார்டா" என்றேன். "பத்திரமா கூட்டிட்டு வாம்மா" என்று வைத்துவிட்டான். பத்திரமாகக் கூட்டி வந்து எங்கே கொடுக்கச் சொல்கிறான்!

இரண்டாம் நாள் போன ஊரில் தெருத்தெருவாகச் சுவரில் ஓவியம். உலகத்தில் எங்கெங்கிருந்தோ வந்து பார்க்கிறார்களாம். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மீனவன் முகம், ஒரு சந்து முழுக்கச் சிரிக்கும் பிள்ளைகள், படிக்கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கண். வழிகாட்டிப் பெண் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு விளக்கு விளக்கென்று விளக்கினாள். நான் ஒரு வார்த்தை காதில் வாங்கவில்லை. இவரை ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் நிறுத்தினேன். "இந்தா பாருங்க, இவன் தாடியப் பாருங்க. எப்படி வெட்டியிருக்கான்? சரியா வெட்டியிருக்கானா?" அவர் தரையில் கிடந்த ஒரு பாட்டில் மூடியைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் ஒரு சிற்பியின் தோட்டம். புல்வெளியில் நூற்றுக்கணக்கில் கல் தலைகள். அத்தனையும் மொட்டை. விதியை என்னவென்று சொல்வது! நான் அவரை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். நாற்பதாவது தலையோ ஐம்பதாவது தலையோ, அவர் கால் வலிக்கிறது என்பதுபோல் நின்றுவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வெறி. அவர் கையைப் பிடித்துக் கிள்ளினேன். நறுக்கென்று, நகம் பதிய. "பேசித் தொலைங்களேன்! அந்தத் தளபதிகிட்ட பேசின வாய்க்கு என்கிட்ட பேச என்ன கேடு?"

அவர் கிள்ளிய இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முந்தானையால் அந்தக் கையைத் துடைத்துத் துடைத்து விட்டேன். பேருந்தில் போகும் வழியெல்லாம் அந்தச் சிவப்பு மறையவில்லை.

அன்று மாலை விடுதி வரவேற்பறையில் வழிகாட்டிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தாயி, முகப்படம் நிறைய இருக்கிற இடம் எதுன்னு சொல்லு. எங்க இருந்தாலும் சரி."

"நாளைக்கு ஏரிக்கரை ஓவியங்கள்மா. ரொம்ப அழகா இருக்கும், தண்ணியும் மேகமும்…"

"தண்ணிக்கும் மேகத்துக்கும் முடி இருக்கா?"

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். குழுவை விட்டு யாரையும் தனியாக அனுப்பக் கூடாது, அது அவள் வேலைக்கே உலை வைத்துவிடும் என்றாள். ஐந்து நிமிடம் குடையின் கைப்பிடியையே திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் பேருந்து எண்ணை எழுதினாள். "இரண்டு மணி நேரத் தூரம். பழைய நீதிமன்றக் கட்டடம். இருநூறு முகப்படம் இருக்கு. நான் பாத்ததிலேயே நல்ல இடம் அதுதான்மா, ஆனா யாரும் போறதில்ல, அதனால எங்க பட்டியல்லயும் இல்ல. அஞ்சு மணி பஸ்ஸ விட்டுடாதீங்க. உங்களுக்கு உடம்பு சரியில்ல, ரூம்ல இருக்கீங்க. நான் அப்படித்தான் சொல்வேன்."

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

நீதிமன்றத்தின் மாடியில் மூன்று கூடங்கள். பத்தரை மணிக்கு நுழைந்தோம். எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. சுவருக்குச் சுவர் மனிதர்கள். நீதிபதிகள், மருத்துவர்கள், ஒரு குடும்பத்தின் ஐந்து சகோதரிகள், தொப்பியைக் கையில் வைத்திருக்கும் ஒரு நீதிமன்றத் தபேதார், பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு குழந்தை. மீசையிலேயே இருபது தினுசு. முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் கூடம் முடிந்தது. ஒன்றுமில்லை. இரண்டாவதும் முடிந்தது. ஒன்றுமில்லை. சுருள் முடிக்காரன் ஒருவனைப் பார்த்து அவர் கொட்டாவி விட்டார்.

மூன்றாவது கூடத்தில்தான் அந்தப் படம் இருந்தது. ஒருத்தி சன்னலோரம் உட்கார்ந்து சட்டைக் காலர் தைக்கிறாள். அவள் முகம் அவ்வளவாகத் தெரியவில்லை. கைதான் தெரிந்தது. ஊசி துணிக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள், துணி நகராமல் இருக்க. அந்த விரலின் நுனி வெளுத்திருந்தது. அப்படி வெளுக்கும். தைத்தவளுக்குத்தான் தெரியும். எனக்கு இருபத்தாறு வருடம் வெளுத்திருக்கிறது, கட்டிய புருஷன் கூடப் பார்த்ததில்லை. எவனோ ஒருவன், நூறு வருடத்துக்கு முன்னால், உட்கார்ந்து பார்த்திருக்கிறான். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. படத்தின் முன்னால் நின்று ஏன் ஜனங்கள் பேச்சு மூச்சில்லாமல் போகிறார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

திரும்பினால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை நோண்டிக்கொண்டிருந்தார். மணி மூன்றரை. இருநூறு முகமும் முடிந்துவிட்டது. அவ்வளவுதான். இனி முகம் இல்லை, நாளும் இல்லை.

என்னையறியாமல் கத்திவிட்டேன். "பாருங்க! இங்க பாருங்க! நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு? உங்களுக்கு மூணு பிள்ளை பெத்துப் போட்டு ஒண்ணைப் பறிகொடுத்தவ. முப்பத்தெட்டு வருஷம் உங்க சட்டையில ஒட்டின முடியத் தட்டித் தட்டித் துவைச்சவ. திங்கக்கிழமை உங்களைக் கொண்டுபோய் விட்டுருவாங்க. விட்டுட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன்? யார்கிட்ட போவேன்?" சத்தம் கூடமெங்கும் எதிரொலித்தது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்த காவலர் அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கனத்த உடம்பு, என் வயதுதான் இருக்கும். திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கீழ ஒரு சின்ன ரூம் இருக்கும்மா" என்றாள். "அதுலயும் முகப்படம்தான். கரியில வரைஞ்சது. ஆனா போய்ப் பிரயோஜனம் இல்ல. மேல இருக்கிறதுக்கெல்லாம் கண்ணாடி கிடையாது, அங்க எல்லாத்துக்கும் கண்ணாடி. கறுப்புப் படம் வேறயா, ஒண்ணும் தெரியாது, நம்ம மூஞ்சிதான் தெரியும். வர்றவங்க எல்லாம் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

நான் தண்ணீரைக் கீழே வைத்தேன்.

கப்பல் தளபதிக்குக் கன்னம் முழுக்கத் தாடி. கிருதாவுக்கு அங்கே இடமே இல்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒதுங்கியது தபால்காரர். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்தது தபால்காரரின் முகம். இவர் அவருக்குப் பின்னால் நின்றார். அட கடவுளே! முப்பத்தொன்பது வருடம் இவர் எந்த முகத்தோடும் நேருக்கு நேர் பேசியதே இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், எதிரே கண்ணாடி. ஊர்க்கதை, அரசியல், கேலி எல்லாம் கண்ணாடியில் தெரியும் ஆளோடுதான். வீட்டிலும் அப்படித்தான். நான் பீரோ முன்னால் தலை வாரும்போதுதான் பின்னால் வந்து நின்று பேச்சை எடுப்பார்.

அந்தக் கண்ணாடியை மூடியது யார்? நான். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், குளியலறையில் திருடன் நிற்கிறான் என்று கண்ணாடியைக் குவளையால் அடித்து நொறுக்கினார். கையில் ஒன்பது தையல். அன்றே வீட்டுக் கண்ணாடியெல்லாம் கழற்றினேன், பீரோவில் காகிதம் ஒட்டினேன். அதிலிருந்துதான் பேச்சு நின்றது. நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இந்தப் பயணத்தில் விடுதிக் கண்ணாடியையும் துண்டு போட்டு மூடினேன். நானே அவர் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறேன். பாவி, நானே.

படியில் அவரைக் கையைப் பிடித்து இறக்கினேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்து மறுபடியும் பாய்ந்தால்? படம் உடைந்தால்? கை கிழிந்தால்? ஆனால் வேறு வழி எனக்கு இல்லை. நாலு மணிக்கு அந்தச் சின்ன அறைக்குள் போனோம்.

இருப்பதிலேயே பெரிய படத்தைத் தேர்ந்தெடுத்தேன். இருட்டில் இருக்கும் ஒரு பெண் முகம். கரி அப்பியிருந்தது, நெற்றியும் மூக்கும் மட்டும் லேசாக வெளுப்பு. முன்னால் முதுகு சாய்க்க இடமில்லாத ஒரு பெஞ்சு. அதில் நான் உட்கார்ந்தேன், அவரை என் பின்னால் நிறுத்தினேன். கண்ணாடியில் நான் தெரிந்தேன். அழுது வீங்கிய மூஞ்சி, கலைந்த தலை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. வாசலில் காவலர் அம்மாள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது இரண்டு விரல்கள் என் நெற்றிப் பொட்டுகளில் வந்து உட்கார்ந்தன. தலையை மெல்லத் தூக்கி, ஒரு நூல் அளவு இடப்பக்கம் திருப்பி, நேராக்கின. அந்த விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை.

"என்ன, இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்ட?" என்றார். "ஓவர்டைம் இல்லையா?"

கண்ணாடியில் அவர் கண் என் கண்ணைப் பார்த்தது. என்னை. என்னைத்தான்.

"இல்லைங்க" என்றேன். குரல் எப்படி வந்ததோ. "மிஷின் ரிப்பேர்."

"நல்லதாப் போச்சு. எப்பப் பாரு காலர் காலர்னு. ஏன் மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

"தூக்கம் இல்ல." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது. "ஏங்க, நான் யாருன்னு தெரியுதா?"

"மறை கழண்டுடுச்சா உனக்கு? கட்டின பொண்டாட்டியத் தெரியாமப் போகுமா? ஆடாம உட்காரு."

சொல்லிவிட்டார். மகன் கேட்ட அதே வார்த்தை! கைப்பையில் போன் இருந்தது. எடுத்து இந்தக் குரலை அவன் காதில் போட வேண்டும். தலையை அசைக்காமல் கையை மட்டும் நீட்டிப் பையைத் துழாவினேன். காவலர் அம்மாள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் குனிந்தார். என் காதுக்குப் பக்கத்தில், கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமல், ரகசியமாகச் சொன்னார். "திரும்பாத. பயப்படாத. உன் பின்னால ஒரு கிழவன் நிக்கிறான்."

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"உன் தலையில கைய வச்சிருக்கான். யாரு அவன்?"

கத்தப்போகிறார், பாயப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். என் மேல் இருந்த அக்கறையில் அவர் முகம் அப்படி வெளுத்திருந்தது.

"தெரிஞ்சவர்தாங்க" என்றேன். "ஒண்ணும் செய்ய மாட்டார்."

"உன்கூடவே வர்றானா?"

"ஆமாங்க. அவருக்கு யாரும் இல்ல."

அவர் யோசித்தார். அந்தக் கிழவனை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்த விரல்கள் லேசாக அழுத்தின. "பாவம்தான். ஆனா நமக்கு எதுக்கு இந்த வம்பு? அவனை எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா. நாம வீட்டுக்குப் போலாம்."

திங்கட்கிழமை, பத்து மணி, வாசலிலிருந்து மூன்றாவது அறை. எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. "முடியாதுங்க" என்றேன். "அவரை எங்கயும் விட மாட்டேன். என்கூட வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்."

கண்ணாடியில் அவர் முகம் விழுந்துவிட்டது. உதடு துடித்தது. கல்யாணமான புதிதில் கூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்போ நான்?" என்றார்.

கைப்பையை விட்டுவிட்டு, என் தலையில் இருந்த இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரையும்தான்" என்றேன். "ரெண்டு பேரையும் நான்தான் பாத்துக்கணும்."